மர்ஃபிக்கு எங்கே வலி?

ஜூலை 8, திங்கள்

இன்றிலிருந்து நான் அயர்லாந்துக்காரன். பெயர் மர்ஃபி. ஏணியிலிருந்து விழுந்து முழங்கையில் அடி. திண்டுக்கல் பேகம்பூரில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இன்னாசி, கடையைப் பூட்டியதும் மர்ஃபி ஆகிவிட வேண்டும் என்பது வீட்டம்மாவின் உத்தரவு.

விஷயம் இதுதான். என் மனைவி அமலோற்பவம் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெளிநாடு போகும் நர்ஸ்களுக்கான இங்கிலீஷ் பரீட்சையில் படிப்பது, எழுதுவது, கேட்பது எல்லாம் தாண்டிவிட்டாள். பேசுவதில் மட்டும் ஒரு முடி அளவு குறைந்துபோனது. அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி அவளுக்காக இடம் வைத்துக் காத்திருக்கிறது. செப்டம்பருக்குள் தேறாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. ஆகஸ்ட் பதினேழாம் தேதி மதுரையில் மறுபரீட்சை. அங்கே ஒருவர் நோயாளியாக உட்கார்ந்து நடிப்பாராம். இவள் நர்ஸாக விசாரித்து, எடுத்துச் சொல்லி, ஆறுதல் படுத்த வேண்டுமாம். அதற்கு வீட்டில் பழகிப்பார்க்க ஒரு நோயாளி வேண்டும். மகள் செலின் பிளஸ் டூ படிக்கிறாள், அவளை அசைக்கக்கூடாது. மிச்சம் யார் இருக்கிறார்கள்?

"நீங்க ஒண்ணும் யோசிக்க வேணாங்க. நோயாளி பேச வேண்டியத கார்டுல எழுதித் தருவேன், அத அப்படியே வாசிச்சாப் போதும்," என்றாள்.

பத்தாவதோடு இங்கிலீஷுக்கு ஒரு கும்பிடு போட்டவன் நான். என்னைப் போய்!

ஜூலை 11, வியாழன்

அமலாவுக்கு ஆன்லைனில் பாடம் எடுப்பவர் கொச்சிக்காரர், ஷைனி மிஸ். அவர் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். "உன் வைத்திய அறிவில் குறையே இல்லை. எந்த இடத்தில் என்று சொல்லும்போதுதான் வழுக்குகிறாய்."

வழுக்காமல் என்ன செய்வாள்? நாம் ஒரு 'ல'வை வைத்துக்கொண்டு காலமெல்லாம் ஓட்டிவிட்டோம். கால்ல வலி, கால்ல புண்ணு, வாசல்ல ஆளு, பஸ்ல கூட்டம். அவர்களுக்கு அப்படி இல்லை. காலுக்குள்ளே வலித்தால் இன். காலின் மேலே புண் இருந்தால் ஆன். வாசலில் ஆள் நின்றால் அட். அமலா சமைத்தபடியே சொல்லிப் பார்க்கிறாள். சாம்பார் சட்டிக்குள், அதனால் இன். மூடி சட்டியின் மேல், அதனால் ஆன். புருசன் கடையில், அதனால் அட்.

"நான் ஏன் அட்? கடைக்கு உள்ளதான உக்காந்திருக்கேன்?"

"நீங்க உள்ள இருக்கீங்களா வெளிய இருக்கீங்களான்னு யாரும் கேக்கலைங்க. எங்க போனா உங்களப் பிடிக்கலாம்னு கேக்கறாங்க. அதுக்கு அட்."

இப்படிச் சொன்னால் எனக்கே புரிகிறதே! இவள் வாத்தியாராகப் போயிருக்கலாம்.

ஜூலை 14, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து, கறி எடுத்து, மர்ஃபிக்குக் குடல்வால் ஆபரேஷன். தையல் போட்ட இடத்தில் வலி. அட் என்று நானே சொல்லிவிட்டேன். அமலா கைதட்டினாள்.

மதியம் ஒரு சண்டை. அவர்கள் ஊரில் நர்ஸ் வார்டில் வேலை செய்தால் ஆன் போட வேண்டுமாம். "வார்டு மேல ஏறியா நிக்கப்போற? தளம் தாங்குமா?" என்றேன். செலின் விழுந்து விழுந்து சிரித்தாள். அமலா மட்டும் சிரிக்காமல் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதை எழுதி, அரிசி டப்பாவில் ஒட்டினாள். இதற்குக் காரணம் கேட்கக்கூடாது, பழகிக்கொள்ள வேண்டும் என்றாள்.

ஒரு கிரைண்டரை மாடிக்குத் தூக்கி வந்தேன், வீட்டில் வைத்து மோட்டார் பார்க்கலாம் என்று. பாதிப் படியில் வைத்துவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்தேன். கறியில் கொழுப்பு அதிகம். இஞ்சி சோடா குடித்ததும் சரியாகிவிட்டது.

ஜூலை 19, வெள்ளி

அவள் டூட்டி முடிந்து வரும்போது கணுக்கால் வீங்கியிருக்கிறது. நாள் முழுக்க நின்றவள் வந்து குளித்து, சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு, சோறு வடித்து, அதன்பிறகு என் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "குட் ஈவ்னிங் மிஸ்டர் மர்ஃபி" என்கிறாள். முகத்தில் களைப்பே இல்லை. அந்த ஒரு நொடியில் நான் நிஜமாகவே நோயாளியாகி, யாரோ நல்லவர் வந்துவிட்டார் என்று நிம்மதியாகிவிடுகிறேன். பத்தொன்பது வருடமாக இந்த முகத்தை ஊராருக்குக் காட்டியிருக்கிறாள். எனக்கு இப்போதுதான் டோக்கன் கிடைத்திருக்கிறது.

இன்று கேட்டேன், எதற்காக இந்த வயதில் இந்தப் பாடு என்று.

"என்கிட்ட ஊசி போடப் பழகின புள்ளைங்க எல்லாம் அங்க போய்ப் பனியில நின்னு போட்டோ அனுப்புதுங்க. நல்லா இருக்கட்டும். ஆனா நானும் ஒரு தடவ போய் வேல பாத்துப் பாக்கணுங்க. என்னால முடியும்னு எனக்குத் தெரியும். அத ஒரு தடவ பாக்கணும், அம்புட்டுத்தான்."

சரி, கார்டைக் கொடு என்றேன்.

ஜூலை 20, சனி

வாயுத் தொல்லை. கடை டீயை நிறுத்த வேண்டும்.

ஜூலை 25, வியாழன்

மர்ஃபிக்கு நேற்று கையில் தீக்காயம், இன்று சிறுநீரகத்தில் கல். ஆள் என்ன பாவம் செய்தானோ. நான் முனகுகிற முனகலைக் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "என்ன இன்னாசி, ஏதும் விசேசமா?" என்றார். அமலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நான் நன்றாகத்தான் நடிக்கிறேன். அவளும் நன்றாகக் கேட்கிறாள். நான் கார்டில் இருப்பதை எழுத்துக்கூட்டி வாசிக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறாள். அப்புறம், நான் சொன்னதையே சரியாகத் திருப்பிச் சொல்லி, அப்படித்தானே என்கிறாள். தப்பாகச் சொன்ன ஆளுக்குத் தப்பு தெரியாமலே திருத்திவிடுகிற வித்தை அது. நான் வாடிக்கையாளரிடம் ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை. "மூடியே போடாம ஓட்டினா எப்படிம்மா ஓடும்?" என்றுதான் எகிறுவேன்.

கடைவாய்ப் பல் கூசுகிறது. கிராம்பு வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

செலினுக்குப் பரீட்சை, அமலாவுக்குப் பரீட்சை. வீட்டில் சத்தம் போடாமல் நடமாடுகிற ஒரே ஜீவன் நான். படியில் மெதுவாக ஏறுகிறேன். மெதுவாக ஏறினால் ஒன்றும் தெரிவதில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஷைனி மிஸ் போனில் வந்து நோயாளியாக நடித்தார். அமலா பேசியதைச் சமையலறையில் நின்று கேட்டேன். இரண்டு இடத்தில் சறுக்கினாள். பதற்றம். போனை வைத்ததும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"உங்ககூடப் பேசும்போது வருது, அவங்ககிட்ட வரமாட்டேங்குது."

"என்னை அங்க கூட்டிட்டுப் போயிரு. மர்ஃபின்னு சொல்லி உக்கார வச்சிரு," என்றேன். சிரித்தாள். பல்லை இறுகக் கடித்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

இந்த நேரத்தில் என் வாயுக் கதையைச் சொல்வதாவது. பதினேழாம் தேதி போகட்டும். பதினெட்டாம் தேதி அவளிடமே காட்டி ஒரு மாத்திரை வாங்கிக்கொண்டால் ஆயிற்று.

ஆகஸ்ட் 8, வியாழன்

அன்றைக்கு எழுத முடியவில்லை. இதைப் பிறகுதான் எழுதிச் சேர்த்தேன்.

சாயங்காலம் கார்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணாடி கடையில் விட்டுப்போயிற்று. மர்ஃபிக்குச் சாப்பிட்டதும் வயிற்றில் எரிச்சல், அவ்வளவுதான் கார்டு என்று அமலா முதலிலேயே சொல்லியிருந்தாள். அது போதும், சமாளிப்போம் என்று நினைத்தேன். படியேறி அப்போதுதான் வந்திருந்தேன், மூச்சு இன்னும் அடங்கவில்லை.

வலி எங்கே என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"இன் த செஸ்ட். மிடில்," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சரி, இவர் ஏதோ புதிதாகச் சேர்க்கிறார் என்று அவளும் விடாமல் கேட்டாள். வேறெங்காவது போகிறதா?

"இன் த லெஃப்ட் ஹேண்ட். இன் த டூத்."

"வென்?"

"ஆன் த ஸ்டெப்ஸ்."

"வென் யூ ரெஸ்ட்?"

"சிட். தென் கோ."

தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டிருந்தவள் பேனாவை நிறுத்தினாள். கார்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்த நர்ஸ் முகம் அப்படியே இருந்தது, ஆனால் காதோரத்தில் வேர்த்தது.

"மர்ஃபிக்கு வயித்தெரிச்சல்தாங்க. படி எங்க வந்துச்சு?"

"சும்மா. ஒரு நடிப்பு."

"இம்புட்டு நாளா கார்டுல இல்லாத ஒரு வார்த்த நீங்க பேசினதில்ல. பல்லு வலிக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

நான் ஆரம்பித்தேன். கடை டீ, நேற்றைய புரோட்டா, புளித்த மாவு, கிரைண்டர் தூக்கியதில் சதைப் பிடிப்பு, ஆடிக்காற்று. தமிழில் எனக்கா சொல்லத் தெரியாது? கைவசம் ஐம்பது காரணம் இருந்தது. ஒவ்வொன்றும் கேட்பதற்கு அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

அவள் கையை நீட்டி என் வாயைப் பொத்தினாள்.

"தமிழ்ல வேணாம். தமிழ்ல விட்டா என்னை ஏமாத்திருவீங்க. இங்கிலீஷ்ல சொல்லுங்க. எத்தன நாளா?"

புளித்த மாவுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியாது. சதைப் பிடிப்புக்கும் தெரியாது. தெரிந்தது இவளோடு உட்கார்ந்து கற்ற நாலு வார்த்தை, அத்தனையும் உண்மை சொல்ல மட்டுமே உதவுகிற வார்த்தை.

"ஜூன்," என்றேன். "பெயின் இன் த செஸ்ட். ஃபியர் ஆல்சோ."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, மென்று விழுங்கச் சொன்னாள். செலினை அழைத்து, ஆட்டோ கூப்பிடு என்றாள், குரலே உயராமல். அமலோற்பவம் என்கிற இந்த மனுசி என் வீட்டில் இத்தனை வருடம் சோறு பொங்கியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 10, சனி. மதுரை

செலின் சொல்லச் சொல்லக் கேட்காமல் நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். வியாழன் ராத்திரியே திண்டுக்கல்லில் ஈசிஜி எடுத்து, நேற்று இங்கே அனுப்பினார்கள். இடது பக்கத்து ரத்தக்குழாய் ஒன்று ஏறக்குறைய அடைத்துப்போயிருந்ததாம். இன்று காலை ஸ்டென்ட் வைத்தார்கள்.

எழுத வேண்டியது வேறு. இங்கே டூட்டி டாக்டர் வடக்கத்திப் பையன், தமிழ் சுத்தமாக வராது. நேற்று வந்து இறங்கியதும் என்னைத் தள்ளுவண்டியில் வைத்திருந்தார்கள். அமலா பக்கத்தில் நின்று அவனிடம் சொன்னாள். எங்கே வலி, எங்கே பரவுகிறது, எப்போது வருகிறது, எப்படி அடங்குகிறது, என்ன மாத்திரை கொடுத்தாள், எல்லாம் இங்கிலீஷில். நெஞ்சுக்குள், படியின்மேல், ஓய்வில். நான் படுத்தபடி ஒவ்வொன்றாகக் கவனித்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை! தேடவுமில்லை, யோசிக்கவுமில்லை. அந்தப் பையன், "சிஸ்டர், ஆர் யூ ஆன் அவர் ஸ்டாஃப்?" என்று கேட்டான். இல்லை என்று என்னைக் கைகாட்டினாள்.

எனக்கு அந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஒயரெல்லாம் மாட்டியிருந்ததால் முடியவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வீடு. படிக்கட்டில் இரண்டு இடத்தில் நாற்காலி போட்டு, உட்கார வைத்து உட்கார வைத்து மாடிக்கு ஏற்றினார்கள். ஊர்வலத்துச் சப்பரம் மாதிரி இருந்தது.

பரீட்சைக்குப் போகவில்லை என்கிறாள்.

ஆகஸ்ட் 14, புதன்

காலையிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"நீ பரீட்சைக்குப் போகலேன்னா நான் மாத்திரை போடமாட்டேன்."

"போடாட்டி மூக்கப் பிடிச்சு ஊத்துவேன். பத்தொம்பது வருசமா எனக்கு அதான் வேல."

"அமலா, வெளையாட்டில்ல."

"நானும் வெளையாடல. உங்கள இப்படி விட்டுட்டு அங்க போய் உக்காந்து, யாரோ ஒருத்தர்கிட்ட எங்க வலின்னு கேக்கவா? எனக்கு வாய் வருமா?"

அப்போது மனதில் இருந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். நீ போகாவிட்டால் என்னை ஒருநாளும் குறை சொல்லமாட்டாய், எனக்குத் தெரியும். கஞ்சி வைப்பாய், காலைப் பிடித்துவிடுவாய், சிரிப்பாய். ஆனால் எவளாவது பனியில் நின்று போட்டோ அனுப்பும்போது அதைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பாய். அதை நான் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டும். அதற்கு இந்த ஸ்டென்ட் வைத்திருக்கவே வேண்டாம்.

அழுதாள். நானும்தான். செலின் எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அம்மா, நீ போ. அப்பாவ நான் பாத்துக்கறேன். எனக்கும் நாடி பாக்கத் தெரியும்," என்றாள். அவளுக்கு எப்போது கற்றுக்கொடுத்தாள் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா திருநாள். கோயிலுக்குப் போக முடியாததால் வீட்டில் மெழுகுதிரி ஏற்றினோம். மர்ஃபி விடுப்பில் இருக்கிறார், ஆகவே செலின் நோயாளி. அவள் இங்கிலீஷ் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. முனகல் மட்டும் போதாது.

ஆகஸ்ட் 17, சனி

விடியற்காலை பஸ்சுக்குப் போனாள். நீலச் சேலை. மூன்று வேளை மாத்திரையையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன், தெருமுனைவரை ஒருமுறைகூடத் திரும்பவில்லை. திரும்பினால் வந்துவிடுவாள், அதுதான்.

சாயங்காலம் வந்தாள். எப்படி என்றால், "வயசான அம்மா மாதிரி ஒருத்தங்க. கால்ல ஆறாத புண்ணு. மாத்திரை சாப்பிட மாட்டேன்னு அடம். நான் அவங்கள உங்கள மாதிரி நெனச்சுக்கிட்டேன்," என்றாள்.

"திட்டினியா?"

"கையப் பிடிச்சுக்கிட்டேன். அதுக்கு மார்க் உண்டான்னு தெரியல."

சாப்பிடாமலே தூங்கிவிட்டாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பாஸ்! பாஸ்! பாஸ்! கேட்ட மதிப்பெண்ணுக்கும் மேலே. தெருவுக்கே மிட்டாய். கீழ்வீட்டுக்காரரிடம் நான்தான் பயிற்சி கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். ஷைனி மிஸ் போனில் அழுதேவிட்டார்.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. உப்பில்லாச் சமையல், வேறென்ன.

அக்டோபர் 6, ஞாயிறு

விசா வந்துவிட்டது. அவள் பெட்டியை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருக்கிறாள். நான் கடைக்குப் பாதிநாள் போகிறேன். பாரம் தூக்குவதில்லை, வாடிக்கையாளர்களே தூக்கிவந்து வைக்கிறார்கள்.

இன்று சொன்னாள், "எனக்கு ஒண்ணுதாங்க பயம். போன்ல நல்லாருக்கீங்களான்னு கேட்டா, சூப்பரா இருக்கேன்னு சொல்லிருவீங்க. நெஞ்சு வெடிச்சாலும் சொல்லுவீங்க."

ஆகவே ஒப்பந்தம். ஞாயிறுதோறும் அவள் இங்கிலீஷில் கேட்பாள். நான் இங்கிலீஷில்தான் பதில் சொல்ல வேண்டும். அது முடிந்தபிறகுதான் தமிழ்.

நவம்பர் 9, சனி

போய்விட்டாள். விமான நிலையத்தில் செலினைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னிடம் வந்ததும் நாடி பார்த்தாள்.

நவம்பர் 10, ஞாயிறு

இறங்கிவிட்டதாக ஒரு செய்தி மட்டும்.

நவம்பர் 17, ஞாயிறு

முதல் ஞாயிற்றுக்கிழமை பேச்சு. சாயங்காலம் அழைத்தாள். கழுத்துவரை கம்பளிச் சட்டை, மூக்கு சிவந்திருந்தது. பின்னால் ஜன்னலில் மழை. வேலையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு கிழவர் இவளைத்தான் வரச்சொல்கிறாராம். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

செலின் பேசி முடித்ததும் என் முறை. அமலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த முகம் வந்துவிட்டது.

"எனி பெயின் இன் த செஸ்ட்?"

"நோ."

"இன் த ஆர்ம்? இன் த ஜா?" தாடையைத் தொட்டுக் காட்டினாள்.

"நோ. நோ."

"ஆன் த ஸ்டெப்ஸ்?"

"நோ. ஸ்லோ கோயிங். நோ பெயின்."

"வெரி குட். எனிதிங் எல்ஸ்?"

தமிழாக இருந்தால், "ஒண்ணுமில்ல அமலா, நாங்க ஜம்முனு இருக்கோம், நீ வேலையப் பாரு" என்று அடித்து விட்டிருப்பேன். அதுதான் தொண்டைவரை வந்தது. ஜம்முனுக்கு இங்கிலீஷ் தேடினேன், அகப்படவில்லை. அவள் காத்திருந்தாள். எத்தனை நேரமானாலும் காத்திருப்பாள்.

"யூ ஆர் நாட் இன் த ஹவுஸ்," என்றேன்.

படம் நின்றுவிட்டதோ என்று போனை ஆட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. அந்த நர்ஸ் முகம் மெல்லக் கலைந்து, என் அமலாவின் முகமாகிக்கொண்டிருந்தது.

"ஏங்க," என்றாள் தமிழில், சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "கொஞ்சமாச்சும் இங்கிலீஷ்ல பொய் சொல்லக் கத்துக்குங்க. நான் இங்க இருந்து வேல பாக்கணும்ல?"

நாளையிலிருந்து செலினிடம் படிக்கிறேன் என்றேன்.